நாலு பேர் இருந்தாதான் போகலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இதை நிறைய பேர் மெட்ரோல நின்னுக்கிட்டோ, ராத்திரி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டோதான் கேக்கறீங்கன்னு எனக்கு வர்ற மெசேஜ்ல இருந்து தெரியுது. அதனால இன்னிக்கு உங்களை வேற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கனடா, பான்ஃப் தேசியப் பூங்கா. போன செப்டம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. ரெண்டு ஏரி, ரெண்டு மலைப்பாதை, ஒரு பொய்.

பொய்யை முதல்ல சொல்லிடறேன்.

நான் கால்கரிக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஊர் திருச்சி. வாரக் கடைசியில நான் எங்கேயாவது கிளம்பறேன்னு சொன்னா அம்மா கேக்கற முதல் கேள்வி, "கூட யாருடி வர்றா?" நான் சொல்ற பதில், "ஃபிரண்ட்ஸ்மா, நாலு பேர்." யாரும் கிடையாது. நான் மட்டும்தான். முதல் தடவை, அவங்க பயப்படக் கூடாதேன்னு சொன்னது. அப்புறம் பழகிடுச்சு. சில சமயம் அந்த நாலு பேருக்கு வேலை, கார், சாப்பாட்டுல பிடிச்சது பிடிக்காதது எல்லாம்கூட நானே உருவாக்கி வச்சிருந்தேன்.

தனியா சுத்தறதுல ஒரு கெத்து இருக்குன்னும் நினைச்சேன். யாரையும் கேக்க வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இங்க தமிழ்க்காரங்க நிறைய இருக்காங்க, பொங்கல் விழா எல்லாம் நடக்கும். போனா "கல்யாணம் எப்போ"ன்னு கேப்பாங்கன்னு நானேதான் போகாம இருந்தேன்.

ஆனா அந்தக் கோடையில ஒரு சின்ன விஷயம் நடந்தது. பல் வலின்னு ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அதுல ஒரு கட்டம்: அவசரத்துக்கு யாரைத் தொடர்பு கொள்ளணும்? அம்மா நம்பரை எழுதினேன். வரவேற்புல இருந்த பொண்ணு பார்த்துட்டு, "உள்ளூர்ல யாராவது?"ன்னு ரொம்ப சாதாரணமா கேட்டா. ஃபோன்ல கான்டாக்ட் லிஸ்ட்டை மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுட்டேன். பல் சரியாயிடுச்சு. அந்தக் கட்டம் மட்டும் மனசுல இருந்துக்கிட்டே இருந்தது.

சரி, இப்போ பூங்காவுக்குப் போவோம்.

கரடிக்கு ஒரு பாலம்

கால்கரியிலேர்ந்து லூயிஸ் ஏரி கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். காலையில நாலரைக்குக் கிளம்பினேன். பான்ஃப் கனடாவோட முதல் தேசியப் பூங்கா. 1885ல ஒரு வெந்நீர் ஊற்றைச் சுத்தி இருந்த சின்ன நிலத்தை அரசாங்கம் ஒதுக்கினதுல ஆரம்பிச்சு, இன்னிக்கு 6,641 சதுர கிலோமீட்டர்.

பூங்காவுக்கு நடுவுலேயே நாட்டோட முக்கியமான நெடுஞ்சாலை போகுது. ரோட்டைத் தாண்டற மிருகங்கள் அடிபட்டுச் சாகறது பெரிய பிரச்சனையா இருந்தது. அதனால ரெண்டு பக்கமும் வேலி போட்டு, மிருகங்கள் மட்டும் கடக்கறதுக்குன்னு பாலம் கட்ட ஆரம்பிச்சாங்க. முதல் ரெண்டு மேம்பாலம் 1996ல வந்தது. இப்போ 6 மேம்பாலம், 38 சுரங்கப்பாதை. மேல மரம், புல்லு எல்லாம் வளர்ந்து, கீழேர்ந்து பார்த்தா ஏதோ மலையைக் குடைஞ்சு ரோடு போட்ட மாதிரி இருக்கும். பெரிய மான்கள் சீக்கிரமே பழகிடுச்சு. கிரிஸ்லி கரடிகள்தான் யோசிச்சுது. அந்தப் பாலத்தை நம்பி கால் வைக்க அதுங்களுக்குச் சில வருஷம் ஆச்சு. அப்போ இதை ஒரு சுவாரசியமான தகவலா மட்டும்தான் நினைச்சேன்.

வண்டியைக் கீழ பார்க்கிங்ல விட்டுட்டு, பூங்காவோட ஷட்டில் பஸ்ல ஏறி ஏழேகாலுக்கு லூயிஸ் ஏரிக்கரையில நின்னேன்.

லூயிஸ் ஏரி

இந்த ஏரியை நீங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. யாரோ ஒருத்தரோட வால்பேப்பர்ல. கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்துல, ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, பச்சையும் நீலமும் கலந்து, ஃபில்டர் போட்ட மாதிரியே இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் பாறை மாவு. மேல பனியாறு ஒண்ணு இருக்கு. அது தன் எடையோட நகரும்போது அடியில இருக்கற பாறையை அரைக்குது. கிரைண்டர்ல கல்லு அரிசியை அரைக்கற மாதிரி. அந்த நைசான மாவு உருகின தண்ணியோட ஏரிக்கு வந்து, அடியில படியாம மிதக்குது. வெயில் பட்டா பச்சை, நீல ஒளியைச் சிதறடிக்குது. அதனால பனி அதிகமா உருகற கோடையிலதான் நிறம் நல்லா தூக்கலா இருக்கும்.

ஏரிக்கு லூயிஸ்ங்கற பேரு விக்டோரியா ராணியோட மகளோடது. அதுக்கு முன்னாடியே அங்க ஸ்டோனி நகோடா பழங்குடி மக்கள் இருந்தாங்க. அவங்க வச்ச பேருக்கு 'சின்ன மீன்களோட ஏரி'ன்னு அர்த்தம். 1882ல ஒரு ஸ்டோனி நகோடா வழிகாட்டிதான் டாம் வில்சன்ங்கறவரை இங்க கூட்டிட்டு வந்து காட்டினாரு. வில்சன் கண்டுபிடிச்சதா ரொம்ப நாள் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அதைவிட மோசம், பூங்கான்னு அறிவிச்ச பிறகு, 1890லேர்ந்து 1920 வரைக்கும் அந்த மக்களையே உள்ள விடாம வெளியில வச்சாங்க. அவங்க வேட்டையாடின, வாழ்ந்த இடம் அது.

கரையிலேர்ந்து ஆக்னஸ் ஏரிக்கு ஒரு பாதை ஏறுது. ஒரு பக்கம் மூன்றரை கிலோமீட்டர், கிட்டத்தட்ட 400 மீட்டர் ஏற்றம். பாதி வழிக்கு மேல 'கண்ணாடி ஏரி'ன்னு ஒரு குட்டை. பின்னாடி தேன்கூடு மாதிரி ஒரு பாறைக் குன்று, அதோட நிழல் தண்ணியில விழும். கடைசியில ஒரு அருவிக்குப் பக்கத்துல செங்குத்தான படிக்கட்டு. ஏறினா, ஆக்னஸ் ஏரியும் அதோட கரையில ஒரு டீக்கடையும். ஆமா, டீக்கடை. 1901ல ரயில்வே கம்பெனி மலையேறறவங்க ஒதுங்கறதுக்குக் கட்டினது, 1905லேர்ந்து டீ போடறாங்க. ரோடு கிடையாது, கரன்ட் கிடையாது. வேலை செய்யறவங்க சாமானை முதுகுல தூக்கிட்டு ஏறணும்.

நான் அந்த ஏற்றத்தை எவ்வளவு நேரத்துல ஏறினேன் தெரியுமா? ஒரு மணி நேரத்துக்கும் கம்மி. வழியில யார் கூடவும் பேசல. டீ வாங்கி, கப்பை ஏரிக்கு முன்னாடி பிடிச்சு ஃபோட்டோ எடுத்தேன். அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "அழகா இருக்கு. மத்தவங்க எங்க, ஃபோட்டோல யாரும் இல்லையே?" நான் எழுதினேன்: "அவங்கதான்மா ஃபோட்டோ எடுக்கறாங்க."

டீ ஆறிப்போச்சு. குடிச்சுட்டு இறங்கிட்டேன்.

ஒரு அறிவிப்புப் பலகை

ரெண்டாவது ஏரி, மொரேன் ஏரி. 2023லேர்ந்து அந்த ரோட்டுல சொந்த வண்டிக்கு அனுமதி இல்ல. லூயிஸ் ஏரியிலேர்ந்து இணைப்புப் பஸ் இருக்கு. மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்க போய் இறங்கினேன்.

பழைய கனடா இருபது டாலர் நோட்டோட பின்பக்கம் இருந்தது இந்த ஏரிதான். ஏரியைச் சுத்தி வரிசையா பத்துச் சிகரம். 1890கள்ல சாமுவேல் ஆலன்னு ஒரு மலையேறி, இந்தப் பத்துச் சிகரத்துக்கும் ஸ்டோனி மொழியில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்களையே பேரா வச்சாரு. பின்னாடி ஏழு சிகரத்துக்கு வேற பேரு மாத்திட்டாங்க. மிச்சம் இருக்கற மூணுல ஒண்ணு டோன்சா. அப்படின்னா நாலு.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்தக் காலத்து மலையேறிகள் முதல்ல வச்ச பேரு என்ன தெரியுமா? 'பாழ் பள்ளத்தாக்கு'. ஒரே கல்லும் பனியுமா இருந்ததால. பக்கத்துலேயே பச்சையா இன்னொரு பள்ளத்தாக்கைப் பார்த்து அதுக்கு 'ஆறுதல் பள்ளத்தாக்கு'ன்னு வச்சாங்க.

என் திட்டம், கரையோரமா நடந்து, காட்டுக்குள்ள ஏறி, லார்ச் பள்ளத்தாக்கு வழியா 2,611 மீட்டர்ல இருக்கற சென்டினல் கணவாய். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனா இலையுதிர் காலத்துல மஞ்சளாகி இலையைக் கொட்டிடும். செப்டம்பர் கடைசியில அந்தத் தங்க நிறத்தைப் பார்க்கக் கூட்டம் அள்ளும். நான் போனது அதுக்கு முன்னாடி, எல்லாம் பச்சையா இருக்கறப்போ. கூட்டம் வேண்டாம்னுதான் அப்படி.

பாதை ஆரம்பிக்கற இடத்துல ஒரு பலகை. கரடி படம். நாலு மனுஷ உருவம். இந்தப் பாதையில குறைஞ்சது நாலு பேர் சேர்ந்து, நெருக்கமா நடந்தாதான் போகலாம். மீறினா சட்டப்படி அபராதம், அதிகபட்சம் 25,000 டாலர் வரைக்கும்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் பெண் கிரிஸ்லிகள் குட்டியோட இருக்கும். குளிர்காலம் தூங்கறதுக்கு முன்னாடி உடம்புல கொழுப்புச் சேர்க்க ராவும் பகலும் சாப்பிடும். ஒரு ஆள் சத்தமில்லாம வளைவுல திரும்பி அதுக்கு முன்னாடி போய் நின்னா, அது திடுக்கிட்டுத் தாக்கும். நாலு பேர் பேசிக்கிட்டு வந்தா அதுக்கு முன்னாடியே கேக்கும், விலகிப் போயிடும். கரடிக்கும் நல்லது. ஏன்னா மனுஷனைத் தாக்கின கரடியைச் சுட வேண்டி வரலாம்.

நம்ம ஊர்ல 'நாலு பேர்'ன்னா எத்தனை அர்த்தம்! நாலு பேர் என்ன சொல்வாங்க. நாலு பேர் மாதிரி இரு. கடைசியில தூக்கறதுக்காவது நாலு பேர் வேணும். இதையெல்லாம் கேட்டு அலுத்துப்போய்தான் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். இங்க கனடாவுல, ஒரு காட்டு வாசல்ல, அரசாங்கமே போர்டு போட்டு அதையே சொல்லுது. ரெண்டு வருஷமா அம்மாகிட்ட நான் சொன்ன பொய்யில இருந்த அதே எண்ணிக்கை.

டைம் என்ன?

ஆள் குறைஞ்சா அங்கேயே நின்னு முன்பின் தெரியாதவங்களைச் சேர்த்துக்கறதுதான் அங்க வழக்கம். "நீங்க எத்தனை பேர்? சேர்ந்துக்கலாமா?" அவ்வளவுதான். எவ்வளவு சுலபம்.

ஒரு கும்பல் வந்தது. ஆறு பேர், என் வயசுதான் இருக்கும். நான் கிட்ட போனேன். வாயைத் திறந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? "டைம் என்ன?" கையில வாட்ச் கட்டிக்கிட்டு டைம் கேக்கறேன். அவங்க சொன்னாங்க. தேங்க்ஸ்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். அவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டே காட்டுக்குள்ள போயிட்டாங்க.

அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்சுது. என்னோடது கெத்து இல்ல. கேட்டு, அவங்க ஒரு செகண்ட் யோசிச்சு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டா? அந்த ஒரு செகண்டை என்னால தாங்க முடியாது. அதனால ரெண்டு வருஷமா யாரையும் எதையும் கேக்கவே இல்ல.

கரையில மரக்கட்டை மேல உக்காந்தேன். நாப்பது நிமிஷம். பஸ்ல திரும்பிடலாம்னு எழுந்துட்டேன். அப்போ ஒரு வயசான தம்பதி, எழுபதைத் தாண்டியிருப்பாங்க, பலகையைப் படிச்சுட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. அந்த அம்மா கேட்டாங்க: "நீ தனியாவா இருக்கே? நாங்க ரெண்டு பேர். எங்களுக்கு ஆள் தேவை." எவ்வளவு சாதாரணமா! ஆள் தேவைன்னு. அதுல அவங்களுக்கு ஒரு கூச்சமும் இல்ல.

மூணு ஆச்சு. நாலாவதா யாராவது தனியா வருவாங்களான்னு பார்த்துக்கிட்டு நின்னோம். ஒரு பையன் வந்தான். அந்த அம்மா என் முழங்கையை லேசா இடிச்சு, "இந்தத் தடவை நீ கேளு"ன்னாங்க. நான் டைம் கேட்டதை அவங்க பார்த்திருக்க வாய்ப்பே இல்ல. ஆனாலும் எனக்கு முகம் சூடாயிடுச்சு.

கேட்டேன். "நாங்க மூணு பேர். நீங்க வர்றீங்களா?"

அவன் ஒரு செகண்ட்கூட யோசிக்கல.

ஈரெண்டு நாலு

பிலிப்பைன்ஸ்காரன். பக்கத்து ஊர்ல ஒரு ஹோட்டல்ல சமையல் வேலை, அன்னிக்கு லீவு. அந்தத் தம்பதி சஸ்காச்சுவான்ல கோதுமை விவசாயம் பண்ணவங்க. சமவெளிக்காரங்க. நான் கரடி ஸ்ப்ரேயை இடுப்புல மாட்டிக்கிட்டேன். புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன், இது கொசுவத்தைலம் மாதிரி உடம்புல தடவறது இல்ல! உள்ள இருக்கறது மிளகாய்க் காரம். கரடி பக்கத்துல பாஞ்சு வந்தா அது முகத்துக்கு நேரா அடிக்கணும். பையில அடியில வச்சா பிரயோஜனம் இல்ல, கைக்கு எட்டற இடத்துல இருக்கணும்.

காட்டுக்குள்ள பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. வளைவுக்கு வளைவு சத்தம் குடுக்கணும். அந்தப் பையன் கை தட்டினான். பெரியவர் "ஏய் கரடி!"ன்னு கத்தினார். என் முறை வந்தது. என்ன கத்தறது? தமிழ்ல வாய்விட்டுச் சத்தமா பேசி எத்தனை நாளாச்சு? சட்டுன்னு வாயில வந்தது வாய்ப்பாடு. "ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு! மூவெண்டு ஆறு!" ரெண்டாம் கிளாஸ்ல கத்தின அதே ராகம். மூணு பேரும் சிரிச்சுட்டு, அடுத்த வளைவுலேர்ந்து என்கூடச் சேர்ந்து கத்த ஆரம்பிச்சாங்க. அவங்க வாயில "ஈரெண்டு நாலு" வேற ஏதோ மொழி மாதிரிதான் இருந்தது. கரடிக்குப் புரிஞ்சா போதும்.

நான் ஏதோ அப்பவே மாறிட்டேன்னு நினைச்சுடாதீங்க. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்து அடிக்கு ஒரு தடவை நிப்பாங்க. நெருக்கமா நடக்கணும்னு விதி, அதனால நாங்களும் நிக்கணும். காலையில ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறின எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல். வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நின்ன ஒவ்வொரு தடவையும் மரங்களுக்கு நடுவுல கீழ மொரேன் ஏரி தெரிஞ்சுது, கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகிக்கிட்டே. அதையும் எரிச்சலோடதான் பார்த்தேன்.

மூணரை மணிக்கு லார்ச் பள்ளத்தாக்கு. காடு முடிஞ்சு புல்வெளி. திரும்பிப் பார்த்தா பத்துச் சிகரமும் வரிசையா. அந்த அம்மா ஹேண்ட்பேக்லேர்ந்து ஒரு பழைய இருபது டாலர் நோட்டை எடுத்தாங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்தப்போ செலவு பண்ணாம வச்சதாம். நோட்டுல இருக்கற சிகரங்களையும் முன்னாடி நிக்கற சிகரங்களையும் விரல் வச்சு எண்ணினோம். நாலாவது வந்ததும், "டோன்சா"ன்னு நான் சொன்னேன்.

கணவாய்க்கு இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர். பையனுக்கும் போகணும்னு ஆசை, எனக்கும். அந்த அம்மா ஒரு பாறையில உக்காந்துட்டாங்க. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நாங்க இங்கேயே இருக்கோம்"னு பெரியவர் சொன்னார். "சீக்கிரம் வந்துடுவோம்"னு சொல்ல நான் வாயைத் திறந்துட்டேன். உண்மையைச் சொல்றேன், திறந்துட்டேன்.

அந்தப் பையன்தான் சொன்னான், "நாலு பேரா வந்தோம்ல?"

சொல்லிட்டுப் புல்வெளியைக் காட்டினான். இருபது முப்பது அடி தள்ளி, மண்ணு புரட்டிப் போட்டிருந்தது. யாரோ மண்வெட்டியால கொத்தின மாதிரி. ஈரம் காயாத மண். கிரிஸ்லி கிழங்குக்கும் வளைக்குள்ள இருக்கற அணிலுக்கும் அப்படித்தான் தோண்டும். நாலு பேரும் ஒரு வார்த்தை பேசல. யாரும் சொல்லாமலேயே ஒருத்தருக்கொருத்தர் கிட்ட வந்து நின்னோம். அந்த அம்மா எழுந்திருக்கறதுக்காக என் கையைப் பிடிச்சாங்க. எழுந்த பிறகும் விடல. யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு வருஷத்துல என் கையை யாருமே பிடிச்சதில்ல.

இறங்கினோம். கரடியைப் பார்க்கல. கணவாயையும் பார்க்கல. வழி முழுக்க வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாட்டுல நான் தடுமாறினப்போ கண்டுபிடிக்க அங்க யாரும் இல்லங்கறதால தப்பிச்சேன். ஏதோ ஒரு வளைவுல அந்த அம்மாகிட்ட என் பொய்யைச் சொன்னேன். அவங்க அறிவுரை எதுவும் சொல்லல. "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னு மட்டும் சொன்னாங்க.

நிஜமாவா

பஸ் ஸ்டாப்புல பிரிஞ்சோம். யார் நம்பரையும் வாங்கல. அந்த மூணு பேரை நான் திரும்பப் பார்க்கப் போறதில்ல. சினிமா மாதிரி உயிர் நண்பர்கள் ஆகல.

ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "கூட யாருடி வந்தா?" "நாலு பேர்மா, என்னையும் சேர்த்து." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா கேட்டாங்க, "நிஜமாவா?"

ரெண்டு வருஷத்துல அவங்க அப்படிக் கேட்டதே இல்ல. தெரிஞ்சுக்கிட்டே, கேக்காம இருந்திருக்காங்க.

எல்லாத்தையும் சொன்னேன். பல் டாக்டர் ஃபாரம் வரைக்கும். கொஞ்சம் அழுதோம், கொஞ்சம் திட்டு வாங்கினேன்.

அடுத்த திங்கக்கிழமை ஆபீஸ்ல, பக்கத்து சீட்ல இருக்கற பொண்ணுகிட்ட போனேன். தினமும் குட்மார்னிங் மட்டும் சொல்லிக்குவோம். கேட்டேன்: "அவசரத்துக்குக் கூப்பிட உள்ளூர்ல எனக்கு யாரும் இல்ல. உன் நம்பரை எழுதிக்கட்டுமா?" இந்தத் தடவை அந்த ஒரு செகண்ட் வந்தது. அவ என்னையே பார்த்தா. நான் அந்த செகண்டைத் தாங்கிக்கிட்டேன். அப்புறம் அவ சொன்னா, "எழுதிக்கோ. நானும் உன் நம்பரை எழுதிக்கவா? என்னோடதும் காலியாத்தான் இருக்கு."

எட்டு மாசமா என் பக்கத்துல உக்காந்திருந்தவ.

போறதா இருந்தா

கடைசியா, போக நினைக்கறவங்களுக்கு நாலு குறிப்பு. ஒண்ணு, ஷட்டில் சீட்டை ஆன்லைன்ல முன்பதிவு பண்ணணும். தீர்ந்துடுச்சுன்னா மனசை விடாதீங்க, பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, அங்கத்து நேரப்படி காலை எட்டு மணிக்கு மீதிச் சீட்டைத் திறப்பாங்க. மொரேன் ஏரி ரோடு ஜூன்லேர்ந்து அக்டோபர் நடுவாக்குல வரைக்கும்தான். ரெண்டு, கோடையா இருந்தாலும் காலையில விறைக்கும், ஜாக்கெட் வேணும். மூணு, கரடின்னா 100 மீட்டர், மான்னா 30 மீட்டர் தள்ளி நில்லுங்க, செல்ஃபிக்காகக் கிட்ட போகாதீங்க. கரடி ஸ்ப்ரேயை விமானத்துல கொண்டு போக முடியாது, அங்கேயே வாங்கிக்கணும். நாலு, கிளம்பறதுக்கு முன்னாடி பாதை நிலவரத்தைப் பூங்காவோட தளத்துல பாருங்க. நாலு பேர் விதி எப்போ, எந்தப் பாதைக்கு இருக்குங்கறது கரடிங்க நடமாட்டத்தைப் பொறுத்து மாறும்.

ஆள் குறைஞ்சா, பாதை வாசல்ல நில்லுங்க. டைம் கேக்காதீங்க.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, நீங்க ரொம்ப நாளா பேசாத ஒருத்தருக்கு அனுப்புங்க. உங்க ஊர்ல உங்க ஃபாரத்துல அந்தக் கட்டத்துல யார் பேரு இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம். சென்டினல் கணவாய் இன்னும் பாக்கி இருக்கு. இந்த செப்டம்பர் போறோம், ஆபீஸ் பொண்ணும் நானும். இன்னும் ரெண்டு பேர் வேணும்.